மிஷ்னாவில் தொடங்குங்கள்: பழைய யூதச் சட்ட நூல்களுக்குள் நுழைய ஒரு வழி

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தைப் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். சுமார் 2,700 தாள்கள், இரண்டு மொழிகள், நடுவில் மூலம், இரண்டு பக்கமும் உரைகள், அதுவும் படிக்கிறவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. முதல் தாளிலேயே மூடி வைத்தவர்கள் ஏராளம். அதற்கு அடியில் மிஷ்னா என்ற சிறிய, இறுக்கமான நூல் இருக்கிறது. தல்மூத் முழுவதும் அதற்கு எழுந்த விவாதம்தான். அங்கிருந்து போனால் வழி தெரியும். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எபிரேயம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

முதலில் சில ஆண்டுகள்

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. அதோடு பலியும் ஆசாரியர்களின் அதிகாரமும் போயின. 132 முதல் 135 வரை ரோமர்களுக்கு எதிராகப் பார் கோக்பா கிளர்ச்சி நடந்து படுதோல்வியில் முடிய, யூதேயாவே காலியானது போலாகி, கற்றவர்கள் வடக்கே கலிலேயாவுக்கு நகர்ந்தார்கள். அங்கேதான் சுமார் 200இல் யூதா ஹநாசி என்ற தலைவர் மிஷ்னாவைத் தொகுத்தார். தல்மூத் இரண்டு உண்டு. சுமார் 400இல் எருசலேம் தல்மூத் உருவானது (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் கலிலேயாவில் திபேரியாவில் உருவானது). பாபிலோனியத் தல்மூத் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வடிவம் பெற்றது. இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

பல அறிமுகப் புத்தகங்களில் ஒரு கதை இருக்கும்: ஆலயம் விழுந்தது, யோஹனான் பென் ஸக்காய் யாப்னே ஊரில் கல்விச் சபை தொடங்கினார், பரிசேயர்கள் என்ற பிரிவினர் ராபிகள் என்ற சட்ட ஆசிரியர்களானார்கள், உடனே யூதர்கள் எல்லோரும் அவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். இதை அப்படியே நம்பிக்கொண்டு படித்தால் நூல்கள் சொல்வது பாதி புரியாது. இந்த ராபிகளிடம் படை இல்லை, காவலர் இல்லை, வரி வசூலிக்கும் ஆள் இல்லை. ரோமச் சட்டம் ஆளும் நாட்டில் சில டஜன் ஆசிரியர்களும் அவர்களின் மாணவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டது எப்படி உலகம் முழுவதும் உள்ள யூதர்களின் சட்டமானது என்பதுதான் கேள்வி. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

முதல் வாசிப்பு: ஒரு மேலங்கி

மிஷ்னா ஆறு பெரும் பிரிவு, 63 நூல்கள். விவசாயம், பண்டிகை, திருமணம், இழப்பீடும் நீதிமன்றமும், ஆலயப் பலி, தூய்மை தீட்டு. வரிசைப்படி படிக்காதீர்கள். நேராக நான்காம் பிரிவில் பாபா மெட்சியா நூலின் முதல் அதிகாரத்துக்குப் போங்கள்.

இரண்டு பேர் ஒரு மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்தான் கண்டெடுத்தேன் என்று இவரும் சொல்கிறார், அவரும் சொல்கிறார். முழுதும் எனக்கே என்கிறார்கள். தனக்கு அதில் பாதிக்குக் குறையாமல் பங்கு உண்டு என்று இருவரும் சத்தியம் செய்துவிட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முழுதும் எனது என்றும் மற்றவர் பாதி எனது என்றும் சொன்னால்? முன்னவருக்கு முக்கால், பின்னவருக்குக் கால். ஏனென்றால் ஒரு பாதியைப் பற்றிச் சண்டையே இல்லை, மற்றப் பாதிதான் தகராறு, அதைப் பிரித்தால் கணக்கு அப்படி வரும். இந்தக் காரணத்தை மிஷ்னா சொல்லாது, நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படித்ததும், இதில் என்ன இல்லை என்று பாருங்கள். தோராவிலிருந்து, அதாவது மோசேயின் ஐந்து நூல்களிலிருந்து, ஒரு வசனம்கூட மேற்கோள் இல்லை. கர்த்தர் சொன்னார் என்று இல்லை, மோசே சொன்னார் என்று இல்லை, மன்னன் ஆணை என்றும் இல்லை. நிகழ்காலத்தில் ஒரு நிலைமை, ஒரு தீர்வு, அவ்வளவுதான். யார் பேசுகிறார், எந்த உரிமையில் பேசுகிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. பழைய யூத நூல்களில் இது விசித்திரம். சவக்கடல் சுருள்களில் ஆலயச் சுருள் என்று ஒன்று இருக்கிறது, அதில் கடவுளே தன்மையில் பேசிச் சட்டம் சொல்வார். மிஷ்னா தன் பெரும்பகுதியில் அந்த வழிக்கே போகாது.

இரண்டாவது வாசிப்பு: கமாலியேலைப் பின்தொடருங்கள்

இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் உத்தி. மொத்தத்தையும் பிடிக்க முயலாமல் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு போவது. யாப்னேயில் தலைவராக இருந்த ரபான் கமாலியேல் அதற்குப் பொருத்தமானவர். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் ஆசிரியராக ஒரு கமாலியேல் வருகிறாரே, அவருடைய பேரன் இவர்.

மிஷ்னாவின் முதல் நூல் பெராகோத், அதன் முதல் பத்தி. மாலையில் ஷெமா ஜெபத்தை எப்போதிலிருந்து சொல்லலாம் என்ற கேள்வியோடு நூல் தொடங்குகிறது. சொல்ல வேண்டும் என்று முதலில் கட்டளையிடவே இல்லை, அது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்விடுகிறது. எதுவரை சொல்லலாம்? முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ராபி எலியேசர். நள்ளிரவுவரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். விடியும்வரை என்கிறார் கமாலியேல். பிறகு ஒரு சின்னச் சம்பவம்: அவருடைய மகன்கள் விருந்துக்குப் போய்விட்டு நேரங்கழித்து வந்து, நாங்கள் இன்னும் ஷெமா சொல்லவில்லையே என்கிறார்கள், விடியல் வராவிட்டால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார் அப்பா.

ஆக மூன்று கருத்து. எது சட்டம் என்று நேராகத் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. சட்டப் புத்தகம் என்று நினைத்துத் திறந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். தோற்றுப்போன கருத்தை எதற்கு எழுதி வைக்கிறீர்கள் என்று மிஷ்னாவே ஓரிடத்தில், எதுயோத் நூலின் முதல் அதிகாரத்தில், கேட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தச் சிறுபான்மைக் கருத்தைச் சரி என்று கண்டால் அதைப் பற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்பது அங்கே கிடைக்கும் ஒரு பதில்.

அடுத்து ரோஷ் ஹஷானா நூல், இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. இங்கே நிதானமாகப் படியுங்கள். அந்தக் காலத்தில் மாதப் பிறப்பு, பிறையைப் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொல்ல, நீதிமன்றம் அறிவிப்பதால் நிச்சயமாகும். பண்டிகைத் தேதி எல்லாம் அதைப் பொறுத்தது. இரண்டு சாட்சிகள் வந்து, பிறையைப் பார்த்தோம், ஆனால் மறுநாள் இரவு காணவில்லை என்கிறார்கள். கமாலியேல் அதை ஏற்றுக்கொள்கிறார். ராபி தோசா குமுறுகிறார்: பொய்ச்சாட்சி! பிள்ளை பெற்றாள் என்கிறீர்கள், மறுநாள் வயிறு பல்லுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறதே! ராபி யெஹோஷுவா, நீங்கள் சொல்வதே சரி என்கிறார். செய்தி கமாலியேலின் காதுக்குப் போகிறது. உன் கணக்குப்படி எந்த நாள் பாவநிவாரண நாளோ, அந்த நாளில் கைத்தடியும் பணமுமாக என்னிடம் வர வேண்டும் என்று யெஹோஷுவாவுக்கு ஆணை அனுப்புகிறார். ஆண்டின் மிகப் புனிதமான நாளில், இதெல்லாம் கூடாது என்று விலக்கிய நாளில், தடியூன்றிப் பணப்பையோடு பயணம் போ என்பது.

யெஹோஷுவா நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். ராபி அகிபா வந்து லேவியராகமத்திலிருந்து ஒரு வசனம் காட்டுகிறார்: பண்டிகைகளை நீங்கள் அறிவிக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது, சரியான நேரத்தில் அறிவித்தாலும் தவறான நேரத்தில் அறிவித்தாலும் அதுதான் பண்டிகை. யெஹோஷுவா அப்புறம் தோசாவிடம் போகிறார். முதலில் பொய்ச்சாட்சி என்று கத்தியவர் அவர்தான். அவரே இப்போது, கமாலியேலின் நீதிமன்றத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கினால் மோசே காலத்திலிருந்து வந்த ஒவ்வொரு நீதிமன்றத்தையும் கேள்வி கேட்க வேண்டிவரும் என்கிறார். தடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு யெஹோஷுவா யாப்னேக்குப் போகிறார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, என் ஆசிரியரே, என் மாணவரே, வாரும் என்கிறார். ஞானத்தில் ஆசிரியர், என் சொல்லை ஏற்றதில் மாணவர்.

அதிகாரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இந்த நூல்களுக்குள்ளேயே கிடைக்கும் நேர்மையான பதில் இது என்பது என் கருத்து. வானத்தில் நிலவு எங்கே இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை, கமாலியேல் சரியாகச் சொன்னார் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்கொரு பண்டிகை, ஆளுக்கொரு சமூகம் என்று உடைந்துவிடும் என்ற பயம்தான் எல்லோரையும் அடங்க வைக்கிறது.

இதோடு ஓர் எச்சரிக்கை. கமாலியேல் வாழ்ந்து சுமார் நூறு வருடம் கழித்துத் தொகுக்கப்பட்ட கதை இது. நடந்தது இப்படியேதானா என்பது வேறு கேள்வி. சுமார் 200இல் அதிகாரம் பற்றி அவர்கள் இப்படி நினைத்தார்கள் என்பதற்குத்தான் இது உறுதியான சான்று. ஒவ்வொரு கதையிலும் இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்.

மூன்றாவது: பரம்பரைச் சங்கிலி

ஆபோத் நூலின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மோசே சீனாயில் தோராவைப் பெற்று யோசுவாவிடம் கொடுத்தார், யோசுவா மூப்பர்களிடம், மூப்பர்கள் தீர்க்கதரிசிகளிடம், தீர்க்கதரிசிகள் பெருஞ்சபையாரிடம். அப்படியே இறங்கி ஹில்லெல், ஷம்மாய், ராபிகள் வரை வரும். இதைத்தான் முதலில் படியுங்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். சங்கிலியில் ஆசாரியர்கள் என்ற வகுப்பு ஓர் இணைப்பாகவே வரவில்லை. ஆலயம் இருந்தவரை தோராவுக்குப் பொருள் சொன்னவர்கள் அவர்கள்தானே! ஆபோத் மற்ற நூல்களைவிடச் சற்றுப் பிந்தியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மற்றவை எங்கும் காட்டாத உரிமைச் சீட்டை இது காட்டுகிறது.

கூடவே ஹகிகா நூலின் முதல் அதிகாரக் கடைசியையும் படியுங்கள். பொருத்தனையிலிருந்து, அதாவது கடவுளிடம் செய்த நேர்ச்சையிலிருந்து, விடுவிக்கும் சட்டங்கள் காற்றில் பறக்கின்றன, பிடித்துக்கொள்ள ஆதாரம் இல்லை. ஓய்வுநாள் சட்டங்களோ மயிரில் தொங்கும் மலை மாதிரி, வசனம் கொஞ்சம், சட்டம் ஏராளம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மலையை வசனத்தோடு கட்டிப்போடும் வேலையை மெகில்தா, ஸிப்ரா, ஸிப்ரே என்ற நூல்கள் செய்கின்றன. கண்ணுக்குக் கண் என்று யாத்திராகமம் சொல்கிறது. மிஷ்னாவோ பாபா காமா எட்டாம் அதிகாரத்தில், அடித்தவர் காயம், வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்து வகைப் பணம் கட்ட வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கண்ணைப் பிடுங்குவதல்ல, பணம்தான் என்று வசனத்திலிருந்தே வாதாடிக் காட்டுவது மெகில்தா. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் பிடிபடும். தொசெப்தா என்று இன்னொரு தொகுப்பும் உண்டு, மிஷ்னாவின் அதே அமைப்பு, ஆனால் பல மடங்கு பெரியது. தொடக்கத்தில் அதைச் சும்மா புரட்டிப் பார்த்தால் போதும்.

நான்காவது: வெளியே எட்டிப் பாருங்கள்

ராபிகளின் நூல்களை மட்டும் படித்தால் அன்றைய யூதர்கள் எல்லோரும் ராபிகளிடம் கேட்டுத்தான் கல்யாணம் செய்தார்கள், கடன் வாங்கினார்கள் என்று தோன்றும். 1961இல் சவக்கடலுக்கு அருகே ஒரு குகையில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணக் கட்டு கிடைத்தது. கிரேக்கம், அரமேயம், நபத்தேயம் மூன்றிலும் பத்திரங்கள், கடைசி ஆவணம் 132 வாக்கில். தன் மகனின் பராமரிப்புத் தொகைக்காகக் காப்பாளர்கள் மீது அவள் ரோம ஆளுநரின் நீதிமன்றத்தை நாடுகிறாள். ராபிகளின் நீதிமன்றம் என்ற பேச்சே அந்தக் கட்டில் இல்லை.

அப்புறம் பெத் ஷெயான் பள்ளத்தாக்கில் ரெஹோவ் என்ற இடத்து ஜெபாலயத்தின் தரை. ஆறு, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மொசைக்கில் எந்தெந்த ஊரில் எந்தக் காய்கறிக்குத் தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) நிலத்தைத் தரிசாக விடும் ஏழாம் ஆண்டு விதியும் பொருந்தும் என்று நீளமாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். எருசலேம் தல்மூத்தில் உள்ள வாசகத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அதாவது மிஷ்னா வந்து சுமார் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஊர் மக்கள் கால் வைக்கும் இடத்தில் ராபிகளின் சட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. பாபத்தாவுக்கும் ரெஹோவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது.

சுருக்கமாகச் சொன்னால் பல காரணங்கள். யூதா ஹநாசியின் குடும்பத்துக்கு ரோமர்களிடம் செல்வாக்கு வளர்ந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறித்தவ அறிஞர், யூதர்களின் தலைவர் ஏறக்குறைய மன்னர் போலவே நடந்துகொள்கிறார் என்று எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, மிஷ்னா வெளிவந்த உடனேயே அடுத்த தலைமுறை அதைப் பாடமாக வைத்து ஒவ்வொரு சொல்லையும் குடைய ஆரம்பித்தது. மரபின்படி 219இல் ராவ் என்ற ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டு பாபிலோனியாவுக்குப் போனார். ரோமர்களின் எல்லைக்கு அப்பால், பாரசீக ஆட்சியில், இன்னொரு பள்ளி மரபு வேர்விட்டது. மிஷ்னா எழுத்தில் பரவியதைவிட வாயில்தான் அதிகம் பரவியது, அதை ஒப்பிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று தல்மூத்தே அவர்களைக் கேலி செய்யும். இப்படி உரை எழுதத் தகுந்த மூலம் என்று மிஷ்னாவை எல்லோரும் நடத்த நடத்தத்தான் அது மீற முடியாத மூலமானது. யாரும் ஒரு நாளில் சட்டம் இயற்றி அதை அரியணையில் ஏற்றவில்லை.

ஐந்தாவது: இப்போது தல்மூத், ஆனால் இரண்டு கதை மட்டும்

மறுபடியும் கமாலியேல். பாபிலோனியத் தல்மூத்தில் பெராகோத் 27ஆம் தாளின் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். (தாள் எண் எப்போதும் 2இல்தான் தொடங்கும், முதல் தாள் தலைப்புக்குப் போய்விடும், வெனிஸில் பொம்பெர்க் 1520களில் அச்சிட்ட பதிப்பின் எண்களையே இன்றும் பயன்படுத்துகிறார்கள்.) மறுபடி யெஹோஷுவாவோடு சண்டை, மறுபடி சபையில் நிற்க வைத்து அவமானம். இந்த முறை கூட்டம் பொறுக்கவில்லை, கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கிவிடுகிறது. பிறகு மன்னிப்புக் கேட்க யெஹோஷுவாவின் வீட்டுக்குப் போகிறார். சுவரெல்லாம் கரி, நீர் கரி வேலை செய்கிறவரா என்று கேட்கிறார், உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ, அறிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்றே உமக்குத் தெரியவில்லையே என்று பதில் வருகிறது. இதே கதை எருசலேம் தல்மூத்தில் பெராகோத் நான்காம் அதிகாரத்திலும் உண்டு, அங்கே யெஹோஷுவா ஊசி செய்துகொண்டிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சேர்ந்தது எது விட்டுப்போனது என்று குறித்துக்கொண்டே படித்தால், கதைகள் காலத்தோடு எப்படி வளர்கின்றன என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தராத அளவுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று பாபா மெட்சியா 59ஆம் தாளின் பின்பக்கத்தில் வரும் அடுப்புக் கதை. ஓர் அடுப்பு தீட்டாகுமா என்ற விவாதத்தில் ராபி எலியேசர் சொல்வதே சரி என்று காட்ட மரம் நகர்கிறது, வாய்க்கால் பின்னால் ஓடுகிறது, வானத்திலிருந்து குரல்கூட வருகிறது. தோரா வானத்தில் இல்லை என்று உபாகம வசனத்தைச் சொல்லிப் பெரும்பான்மை மறுத்துவிடுகிறது. எல்லோரும் இங்கேயே நிறுத்திக் கைதட்டுகிறார்கள். தயவுசெய்து மேலே படியுங்கள். எலியேசரை விலக்கிவைக்கிறார்கள், அவர் அழுகிறார், பயிர் கருகுகிறது, கடைசியில் அவருடைய மனவேதனையால் கமாலியேல் செத்துப்போகிறார். பெரும்பான்மைக்கு வெற்றி என்று கொண்டாட இந்தக் கதையை எழுதினவர்கள் தயாராக இல்லை.

பாபிலோனியத் தல்மூத் மற்றதை முந்தியது எப்படி என்பதற்குப் பிற்காலத்துக்குப் போக வேண்டும். சூரா, பும்பெதித்தா கல்விக்கூடங்களின் தலைவர்களான காவோன்கள் அப்பாசியத் தலைநகரான பாக்தாத்தின் நிழலில் இருந்தார்கள். வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் என்று எங்கிருந்தெல்லாமோ கேள்விக் கடிதங்கள் வந்தன, தல்மூத்தை வைத்தே பதில் போயிற்று. வாய்மொழிச் சட்டமே செல்லாது, எழுதப்பட்ட வேதம் போதும் என்று கராயிட்டுகள் எதிர்த்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். மிஷ்னா எப்படி எழுதப்பட்டது என்று வட ஆப்பிரிக்காவின் கைரவான் ஊர் யூதர்கள் கேட்க, 987 வாக்கில் ஷெரீரா காவோன் எழுதிய நீண்ட பதில் இன்றும் நமக்கு முக்கிய ஆதாரம். ஆனால் அது தன் தரப்பைக் காக்க ஒரு வழக்கறிஞர் எழுதும் மனு மாதிரியும்தான். அதிலுள்ள பெயர்ப் பட்டியலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில்லறை விஷயங்கள்

வெறும் ராபி என்று மட்டும் இருந்தால் அது யூதா ஹநாசி. ராபி யூதா என்று இருந்தால் அது அவரல்ல, பெரும்பாலும் அவருக்கு முந்தைய தலைமுறை யூதா பென் இலாய். எலியேசர் வேறு, எலயாசர் வேறு. படியெடுத்தவர்களே அங்கங்கே குழப்பியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் குழம்பினால் கவலை வேண்டாம். செஃபாரியா இணையதளத்தில் மிஷ்னா, இரண்டு தல்மூத், மெகில்தா எல்லாம் மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் ஹெர்பர்ட் டான்பி 1933இல் வெளியிட்ட மிஷ்னா மொழிபெயர்ப்பு பழைய நடையானாலும் நம்பகமானது. அகலப்படுத்திய விளக்கத்தோடு வரும் தல்மூத் மொழிபெயர்ப்புகளில் எது மூலம், எது மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று எழுத்து வித்தியாசத்தைப் பார்த்துப் படியுங்கள். பலர் சேர்த்ததையே மூலம் என்று மேற்கோள் காட்டுகிறார்கள்.

நாளுக்கு ஒரு தாள் என்று ஏழரை ஆண்டில் தல்மூத்தை முடிக்கும் தாஃப் யோமி திட்டம் 1923இல் வியன்னாவில் முன்வைக்கப்பட்டது, இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. புதியவர்கள் ஆசைப்பட்டு அதில் குதிக்க வேண்டாம், ஓட்டத்தில் ஒன்றும் மனதில் நிற்காது. யாராவது ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராக உட்கார்ந்து சத்தமாகப் படித்துச் சண்டை போடுவதுதான் இந்த நூல்களுக்கு ஏற்ற முறை, அவர்களும் அப்படித்தான் படித்தார்கள். பாபா மெட்சியா மிஷ்னா முழுவதும் முடிந்த பிறகு சன்ஹெத்ரின் நூல், அப்புறம் ரோஷ் ஹஷானா முழுதாக. தூய்மை தீட்டுப் பிரிவில் பாத்திரங்களையும் கூடாரங்களையும் பற்றிய நூல்களை ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.